மறுபடியும் பர்மாவுக்கு

உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

"பர்மாவுல நான் பிளான் போட்டுக் கட்டுன ரயில் ஸ்டேஷனுக்கு நானேதான் வெடி வச்சேன்," என்றார் அவர். "ஜப்பான்காரன் கையில சிக்கக் கூடாதுன்னு பட்டாளத்துல உத்தரவு."

"அதுக்காக மறுபடியும் அங்கிட்டுப் போகணுமாங்க? எங்க ஆத்தாவும் நானும் காட்டு வழியா நடந்து வந்தோம். பாதியிலயே ஆத்தா போய்ச் சேந்துட்டா. போதாதா?"

"அதே ஸ்டேஷனத் திரும்பக் கட்டக் கூப்பிட்டிருக்காங்க. நாந்தான் கட்டணும்."

"இன்னொரு சண்டை வந்து இடிச்சுட்டா?"

"உசுரோட இருந்தா அப்பவும் கட்டுவேன்."



"அப்ப நானும் வாரேன்," என்றார் அந்த அம்மா. "அங்க மொத ரயிலு வந்து நிக்கிறத நான் பாக்கணும்."