உள்ளேயிருந்து கூப்பிட்டால்தான்

சத்யா (மனதுக்குள்): போனில் மழையைப் பற்றிக் கேட்டாகிவிட்டது. என் முழங்கால் வலியைப் பற்றியும் கேட்டாகிவிட்டது. இனி அந்தக் கம்ப்யூட்டருக்கு வருவார் என் கொழுந்தன். வருவதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமுவார். அவர் அண்ணனும் அப்படித்தான். உயிரோடு இருந்தவரை என்னிடம் எதைக் கேட்பதானாலும் முதலில் தொண்டைதான் பேசும்.

செங்குட்டுவன்: க்கும்... அப்புறம் அண்ணி...

சத்யா: வந்துட்டீங்களா விஷயத்துக்கு?

செங்குட்டுவன்: எந்த விஷயம்?

சத்யா: செருமுறீங்களே. ஹைதராபாத் தண்ணி ஒத்துக்கலியா, இல்ல என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?

செங்குட்டுவன்: ஐயோ அண்ணி... உங்ககிட்ட ஒரு வார்த்த பேசறதுக்குள்ள... சரி, குவார்ட்டர்ஸ் சாவி எப்பக் குடுக்கணும்?

சத்யா: நாளைக்கு. அவரு போனப்புறம் கம்பெனி இவ்ளோ நாள் விட்டு வெச்சதே பெருசு. வூட்டக் கழுவிகினு இருக்கேன். ஈரக் கையில போனு வழுக்குது, சீக்கிரம் சொல்லுங்க.

செங்குட்டுவன்: அண்ணன் கம்ப்யூட்டர இன்னைக்கே நிறுத்திடலாம். நான் சொல்லச் சொல்ல நீங்க செஞ்சாப் போதும். சின்ன வேலதான்.

சத்யா: அது பாட்டுக்கு ஓடுது. உங்கள என்னா பண்ணுது?

செங்குட்டுவன்: என்ன ஒண்ணும் பண்ணல. ஆனா பாட்டு, போட்டோ அனுப்பிக்க அண்ணன் போட்ட இணைப்புல, இங்க என் கம்ப்யூட்டரோட இன்னும் சேந்தே இருக்குதில்ல... ஆபத்து அண்ணி. ரவுட்டர்ல ஒரு வழி தொறந்து கெடந்தா எவன் வேணா உள்ள பூந்துடுவான்.

சத்யா: பூந்து என்னத்த எடுப்பான்? உங்க அண்ணன் சேத்து வெச்ச பாட்டும், மைன்ஸ்ல எடுத்த கன்வேயர் பெல்ட் போட்டோவும். எடுத்துகினு போவட்டும், பாவம்.

செங்குட்டுவன்: சிரிக்காதீங்க.

சத்யா: தொறந்தும் கெடக்கல. அவரே சொல்லியிருக்காரு. ரவுட்டர் வாட்ச்மேன் மாதிரியாம். வெளியேர்ந்து தானா வர்ற யாரையும் விடாதாம். உள்ளேர்ந்து நாம யாரக் கூப்பிட்டமோ அவங்கள மட்டும் விடுமாம்.

செங்குட்டுவன்: அதெல்லாம் சரிதான்...

சத்யா: உங்க வூட்டுல ஒரு வாட்ச்மேன், இங்க ஒரு வாட்ச்மேன். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கூப்பிட்டாதான் வழி. மறந்துட்டீங்களா? போனக் காதுல வெச்சுகினு "ஒண்ணு, ரெண்டு, மூணு, அமுக்குடா"ன்னு...

செங்குட்டுவன்: மறப்பனா? மூணு சொல்றதுக்கு முன்னாடியே அவரு அமுக்கிடுவாரு. அப்புறம் என்னத் திட்டுவாரு. "ஏண்டா லேட்டு?"ன்னு.

சத்யா: நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்த மனுஷன்... தூங்கல, சாப்பிடல. மத்தியானம் போல லைன் கெடச்சுது. கெடச்சதும் ஒரு கத்து கத்துனாரு பாருங்க, பக்கத்து வூட்டுப் பேச்சிக்கா பாம்பு வந்துடுச்சின்னு கம்போட ஓடியாந்துட்டாங்க.

செங்குட்டுவன்: மொதல்ல என்ன அனுப்புனாரு, ஞாபகம் இருக்கா?

சத்யா: என் முதுக. தோச சுட்டுகினு இருந்தேன். கேக்காம எடுத்து, கேக்காம அனுப்புன ஆளு.

செங்குட்டுவன்: கீழ எழுதியிருந்தாரு அண்ணி. "உங்க அண்ணி கோவமா இருக்கா, முதுகுலயே தெரியுது பாரு"ன்னு. அண்ணி?

சத்யா: இருக்கேன்.

சத்யா (மனதுக்குள்): அப்படி எழுதியது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் என் முதுகைப் பார்த்தே கோபத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஒரு நாளும் பக்கத்தில் வந்து என்னவென்று கேட்டதில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.

செங்குட்டுவன்: சரி, கம்ப்யூட்டர் கிட்ட போங்க.

சத்யா: போயிட்டேன்.

செங்குட்டுவன்: அதுக்குள்ளயா?

சத்யா: குவார்ட்டர்ஸ் தம்பி, அரண்மனையா? ரெண்டு எட்டு வெச்சா எல்லாம் வந்துடும்.

செங்குட்டுவன்: ரவுட்டர்ல பச்ச லைட்டு எரியுதா?

சத்யா: எரியுது.

சத்யா (மனதுக்குள்): மேஜைகூட இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. பொய் இத்தனை சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

செங்குட்டுவன்: எத்தன லைட்டு?

சத்யா: நாலு... இல்ல, அஞ்சு. கண்ணாடி போடல.

செங்குட்டுவன்: பரவால்ல. பின்னாடி ஒரு மஞ்ச வயர் இருக்கும் பாருங்க. அத...

பேச்சியம்மாள்: ஏ சத்யா! உள்ளயா இருக்க?

சத்யா: வாங்கக்கா. போன்ல இருக்கேன், தம்பி...

பேச்சியம்மாள்: பேசு, பேசு. கட்டிலத் தூக்க ஆள் வருதான்னு கேக்க வந்தேன். இல்ல, அந்தக் கம்ப்யூட்டரு மாதிரி இதையும் நீயே மடியில வச்சு ஆட்டோல கொண்டு போயிருவியா?

சத்யா: அக்கா...

பேச்சியம்மாள்: பச்சப்பிள்ளைய கொண்டு போற மாதிரில்லா போன! போன வாரம் பூரா எங்க வீட்ல அதச் சொல்லித்தான் சிரிப்பு. சரி, இந்த வாளி உனக்கு வேணுமா?

சத்யா: நீங்களே எடுத்துக்குங்கக்கா.

பேச்சியம்மாள்: மூடி?

சத்யா: மூடியும்தான். அப்புறமா வரேன்கா... தம்பி, லைன்ல இருக்கீங்களா?

செங்குட்டுவன்: இருக்கேன்.

சத்யா: கேட்டுச்சா?

செங்குட்டுவன்: எது?

சத்யா: நடிக்காதீங்க.

செங்குட்டுவன்: ...மடியிலயா கொண்டு போனீங்க?

சத்யா: ஆட்டோ குலுக்குமே. மந்தாரக்குப்பத்துல, வாடக வூட்டுல இருக்கு. நானும் அங்கதான் படுக்கறேன். ஒரு ஞாயித்துக்கிழம வந்து கம்ப்யூட்டர எடுத்துகினு போறேன்னு சொன்னீங்கல்ல... அதான் முந்திகிட்டேன்.

செங்குட்டுவன்: சொல்லியிருக்கலாமே அண்ணி.

சத்யா: சொன்னா வேணாம்னிருப்பீங்க. அங்க நெட்டு குடுக்கற கேபிள்காரரு பழனிவேலும் ஆவாதுன்னாரு. "எங்க லைன்ல வெளியேர்ந்து உள்ள வர வழியே இல்லக்கா, உள்ளேர்ந்து வெளிய போவுறதுதான்"னாரு. அது போதும் எனக்குன்னேன்.

செங்குட்டுவன்: நீங்களேவா எல்லாம் செஞ்சீங்க?

சத்யா: தப்புத்தப்பா அமுக்கிகினே இருந்தேன். அத விடுங்க. ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லணும்.

செங்குட்டுவன்: கேளுங்க.

சத்யா: உங்க கம்ப்யூட்டரு இப்பவும் எங்களக் கூப்பிட்டுகினேதான் இருக்கு. புது எடத்துலேர்ந்து நானும் கூப்பிட்டா உங்க பக்கம் கேக்கும் இல்ல, விடலாமா வேணாமான்னு? நான் அங்க ஸ்கிரீனையே பாத்துகினு ஒக்காந்திருந்தேன். நேரம் போவுது, ஒண்ணும் வரல. சரி, அவ்ளோதான்னு எழுந்திருக்கப் போனேன். அப்பத்தான் கெடச்சுது. யாரு விட்டது? அபியா?

செங்குட்டுவன்: அபிக்கு அதப் பத்தியே தெரியாது. பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்றது இத?

சத்யா: அப்ப?

செங்குட்டுவன்: ...நான்தான்.

சத்யா: வேற எடத்துக்குப் போயிடுச்சுன்னு தெரிஞ்சுகினேதான் இவ்ளோ நேரம் லைட்டு எத்தனன்னு கேட்டீங்களா?

செங்குட்டுவன்: இல்லாத லைட்ட நீங்களும்தான் எண்ணிச் சொன்னீங்க... சிரிக்கிறீங்களா அண்ணி?

சத்யா: என்னான்னு தெரியல. ஏன் தம்பி விட்டீங்க? வேணாம்னு அமுக்கியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

செங்குட்டுவன்: "அறிவழகன் அழைக்கிறார், அனுமதிக்கவா"ன்னு கேக்குது. அண்ணன் பேரு அண்ணி. வேணாம்னு எப்பிடி அமுக்குவேன்? வெரல வெச்சுட்டு அப்படியே ஒக்காந்திருந்தேன். அதான் அவ்ளோ நேரம்.

சத்யா: ம்.

செங்குட்டுவன்: ஆனா முடியல. தெனம் காலைல காப்பியோட வந்து ஒக்காருவேன். ஸ்கிரீன்ல அவரு பேரு பச்சையா வரும். ஒரு நிமிஷம் மனசு அது பாட்டுக்கு சந்தோஷப்பட்டுடுது. அப்புறம்தான் ஞாபகம் வருது. தெனமும் புதுசா சாவறாரு அண்ணி.

சத்யா: தம்பி... அழாதீங்க. ஆபீஸ்ல இருக்கீங்களா?

செங்குட்டுவன்: மாடியில நிக்கறேன். யாருமில்ல.

சத்யா: தண்ணி குடிச்சுட்டு வாங்க. நான் வெக்கல, இருக்கேன்.

செங்குட்டுவன்: வேணாம். கேளுங்க... என் கையால மூட என்னால முடியாது. நீங்க அங்க நிறுத்திட்டீங்கன்னா, தானா நின்னு போச்சுன்னு இருந்துடுவேன். எனக்காக அண்ணி. ஒரே ஒரு வயரு.

சத்யா (மனதுக்குள்): எனக்காக. அப்படிக் கேட்டால் நான் செய்துவிடுவேன் என்பது அண்ணனுக்குத் தெரியும். தம்பிக்கும் தெரிந்திருக்கிறது.

செங்குட்டுவன்: அண்ணி? செய்வீங்கல்ல?

சத்யா: அது தானா ஓடறதில்ல தம்பி.

செங்குட்டுவன்: அப்ப?

சத்யா: படுக்கறதுக்கு முன்னாடி நிறுத்திடுவேன். காலைல வாச தெளிச்சுட்டு வந்து நான்தான் போடறேன். நீங்க அந்த நேரத்துக்குக் காப்பியோட ஒக்காருவீங்கன்னு எனக்குத் தெரியும். பேருதான் அவருது. தெனம் கூப்பிடறது நான். உங்க பக்கம் மூடணும்னா மூடிக்குங்க, நான் வருத்தப்பட மாட்டேன்... நான் நிறுத்தல தம்பி.