கைகாட்டி சாய்ந்த பிறகு

ரயில் பயணியர் சங்கத்தின் தலைமை நாற்காலியை அணிசெய்யும் ஐயா தேவநாதன் அவர்களே, மல்லாட்டைக் கடலை மண்டியை மூடிவிட்டு மனம் திறந்து வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் பெரியவர் சிக்கந்தர் பாட்சா அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு இடுப்புப் பிள்ளையோடு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்தத் திண்டிவனத்து மருமகளின் வணக்கம்.

வேகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஜப்பானிலே, டோக்கியோவில் காலைப் பலகாரம் முடித்துப் புறப்பட்டால் ஒசாகாவில் மதியச் சாப்பாடு. ஐந்நூறு கிலோமீட்டர், ஏறத்தாழ மூன்று மணி நேரம். பிரான்சிலே, பாரீசிலிருந்து லியோனுக்கு வில்விட்ட அம்பாக ஒரு வண்டி. அது போதாதென்று மேற்குத் திசைக்கும் புதுப்பாதை போடுகிறார்கள். அந்த வண்டி இங்கே ஓடினால், விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

"அவ்ளோ ஜல்தியா போனா வழியில வடை வாங்கித் தின்றது எப்பங்க?" என்று முன்வரிசையிலிருந்து கேட்கிறார் சுப்பராயலு அண்ணன். அண்ணே, அண்ணி சுட்ட வடை ஆறுவதற்குள் சென்னை வந்துவிடும். கட்டிக்கினு போங்க.

வேகம் வேண்டாம் என்பவளா நான்? வேண்டும். நம் மண்ணுக்கும் வேண்டும். போன மாதம் நடந்ததை மட்டும் கேளுங்கள். என் ஐந்து வயது மகள் அம்சாவைப் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் அக்கா பள்ளிக்குக் கூட்டிப்போனார். தண்டவாளத்தைத் தாண்டித்தான் பள்ளி. வண்டி வருகிறதென்று கைகாட்டி சாய்ந்தது. நாமெல்லாம் என்ன சொல்வோம்? ஆமாம், அந்த அம்மா சொல்கிறார்களே, அதேதான்: "இன்னும் பத்து நிமிஷம் கீதே." பாசஞ்சர் வண்டிக்கு நாம் பழகிய கணக்கு அது. கைகாட்டி சாய்ந்த பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு தாண்டுகிற கூட்டமல்லவா நாம்? அன்றைக்கு வந்தது எக்ஸ்பிரஸ். குழந்தையின் செருப்பு ஜல்லியில் சிக்கியது. குனிந்தாள். அக்கா பின்னலைப் பிடித்து இழுத்தார். செருப்பு போயிற்று. பிள்ளை இருக்கிறாள்.

நான் வண்டியைத் திட்டினேன். அக்கா சொன்னார்: "வண்டிய ஏம்மா வையற? அது சொல்லிட்டுத்தான் வந்துச்சு. நாந்தான் பழைய வண்டிக்குக் கணக்குப் போட்டுக்கினு நின்னேன்."

இப்போதும் ஊதல் கேட்டால் என் கை பிள்ளையைத் தேடுகிறது. அதனால்தான் நூலகத்தில் ஜப்பான் ரயிலைப் பற்றிய புத்தகத்தைப் புரட்டினேன். என்னை மலைக்கவைத்தது எது தெரியுமா? அந்த ஜப்பான் பாதையின் குறுக்கே ஒரு ரயில்வே கேட்டுகூடக் கிடையாது. வண்டி கீழே என்றால் மனிதர் மேலே. வண்டி மேலே என்றால் மனிதர் கீழே. முதலில் மனிதருக்கு வழி செய்தார்கள். பிறகுதான் வண்டியை விட்டார்கள்.

நாளைக்கு ரயில்வே அதிகாரிகளுக்குப் போகிற நம் மனுவில் என்ன இருக்கிறது? எக்ஸ்பிரஸ் இங்கே நிற்க வேண்டும். நல்லது, நிற்கட்டும். நிற்காமல் போகிற வண்டிக்கு என்ன எழுதியிருக்கிறோம்? தலைவர் அவர்களே, ஒரு நடைமேம்பாலம் கேளுங்கள்.

"ரெண்டு கேட்டா ஒண்ணும் குடுக்க மாட்டாங்கம்மா" என்கிறார் தலைவர். ஒன்றுதான் என்றால் எது, ஐயா? பாலம் முதலில் என்பவர்கள் கை தூக்குங்கள், தாய்மார்களே. அதோ, பின்வரிசையும் தூக்குகிறது. மேடையிலே பாட்சா ஐயா தூக்கிவிட்டார். சுப்பராயலு அண்ணே, நீங்களுமா?

தலைவர் பேனாவைத் திறக்கிறார். முதல் வரியாக எழுதுங்கள், ஐயா. எத்தனை வேகத்தில் வேண்டுமானாலும் வரட்டும் அந்த வண்டி. அதற்கு மேலே, பாலத்தில் நின்று, நம் பிள்ளைகள் பெட்டிகளை எண்ணட்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பிடித்த பின்னலை விடாத கெங்கம்மாள் அக்காவுக்கும் நன்றி கூறி வணங்குகிறேன்.