தண்ணீரில் நிற்கிற செடி

— அந்தப் பக்கம் ஓடுது பாருங்க… கல்லுக்கு அடியில… வலையைக் கீழே விடுங்க!

— விட்டுட்டுத்தான் இருக்கேன். அது நம்மளை விட வெவரமா இருக்கு.

— பேசாதீங்க. சத்தம் கேட்டா சேத்துக்குள்ள போயிடும்.

— தோட்டக்காரம்மா உத்தரவு. வாயை மூடியாச்சு. கோபமா?

— இல்ல. லாரி எப்ப வருதாம்?

— கிளம்பிடுச்சுன்னு நம்ம குடியிருப்புச் சங்கச் செயலாளர் போன் பண்ணினார். எங்கயோ வீடு இடிச்ச மண்ணாம். இந்தக் குளத்துல கொட்டி நிரவிட்டு, மேல சிமெண்ட். அதுக்கு மேல பிளாஸ்டிக் புல்லு.

— பச்சையா?

— பின்ன? பிளாஸ்டிக் புல்லு ஊதாவுலயா வரும்?

— என்னைச் சிரிக்க வைக்கப் பாக்காதீங்க… முடியல.

— சரி சரி. வாளியை இப்படிச் சாய்ச்சுப் பிடி. இன்னும் கொஞ்சம்… ஆங். பொடிமீன் எல்லாம் வந்துடுச்சு. நர்சரிக்காரர் தன்னோட தொட்டில விட்டுக்கிறேன்னு சொன்னார்ல?

— சொன்னார். எல்லாம் பிழைக்காதுன்னும் சொன்னார்.

— தவளைங்களை?

— அதுங்களை யார் பிடிக்கிறது… தானாப் போயிடும்.

— எங்க போகும்? சுத்தி நாலு பக்கமும் ரோடு.

— தெரியலைங்க. என்னைக் கேட்காதீங்க.

— நீ இதை வரைஞ்சு கொண்டு போனப்ப பில்டர் கேட்டாரே, ஞாபகம் இருக்கா? 'ஏம்மா, காசு கொடுத்து வீடு வாங்குறவன் ஜன்னலைத் திறந்து சேத்தையா பார்ப்பான்?'

— அப்புறம் அவரேதான் விளம்பரத்துல குளத்தைப் பக்கம் முழுக்கப் போட்டார். 'இயற்கையின் மடியில் உங்கள் இல்லம்'னு.

— இப்ப 'இயற்கையின் வாயில் மண்ணு'ன்னு மாத்திப் போடச் சொல்லு.

— எல்லா வீட்டுப் படுக்கையறை ஜன்னலும் இந்தத் தண்ணியைப் பார்த்துத் திறக்கணும்னு எத்தனை தடவை அழிச்சு அழிச்சு வரைஞ்சேன்… அவங்க வீட்டு ஜன்னலும்.

— கீழ்வீட்டு ஜன்னலைத்தானே சொல்றே?

— மழை வந்தா என்ன பண்ணுவாங்க? எல்லா மொட்டை மாடித் தண்ணியும் இந்தக் கல் வாய்க்கால்ல இறங்கி இங்கதான் வந்து சேருது. இதை மூடிட்டா நேரா கார் நிறுத்துற இடத்துக்குத்தான் போகும்.

— அன்னைக்குச் சங்கக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே. சும்மா கேட்டேன்.

— நீங்களும்தான் அங்க உட்கார்ந்திருந்தீங்க. நீங்க சொல்லியிருக்கலாமே? குளத்தைப் பத்தி யாராவது வாயைத் திறந்தா சண்டைக்குப் போற ஆளு நீங்க. தவளை கத்துதுன்னு சொன்ன மூணாவது மாடிக்காரரை, 'உங்க குறட்டை எங்களுக்கும் கேட்குது சார், நாங்க புகார் குடுத்தோமா'ன்னு கேட்டீங்களே.

— அது வேற.

— என்ன வேற?

— அப்ப ஒரு குழந்தை சாகல.

— வலை… வலையைப் பிடிங்க.

— ச்சே… வாய் தவறி வந்துடுச்சு. மீனும் போயிடுச்சு.

— விடுங்க. இருக்கிறதைத்தானே சொன்னீங்க. கொசுக்கடியில வந்த காய்ச்சல்னு டாக்டர் சொன்னதும், எல்லார் கண்ணுக்கும் முதல்ல தெரிஞ்சது இந்தத் தண்ணிதான். அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா?

— சுகாதாரத்துறை அம்மா மூலைக்கு மூலை கரண்டி விட்டு மொண்டு பார்த்தாங்களே. ஒரு கொசுப்புழு கிடைச்சுதா?

— எப்படிக் கிடைக்கும்? மீன் இருக்கு, தும்பிக் குஞ்சு இருக்கு. கொசு வந்து முட்டை போட்டா பொழுது விடியறதுக்குள்ள தின்னு தீர்த்துடும். நானும்தான் ஒரு வாரம் விடாம மொண்டு மொண்டு பார்த்துக்கிட்டு இருந்தேன்.

— 'இது உயிருள்ள தண்ணி, இதுல வராது. வீட்டுக்குள்ள எங்கயாவது கொஞ்சமா தேங்கிக் கிடக்கும், அதுலதான் வரும். வீடு வீடா வந்து பார்க்கணும்'னு அவங்களே சொன்னாங்க.

— ம்.

— அப்பத்தான் நீ எழுந்தே.

— ம்.

— எழுந்து, 'வீடெல்லாம் பார்க்க வேண்டாம், குளத்தை மூடிடலாம்'னே. நீ வரைஞ்ச குளத்தை நீயே. செயலாளருக்கு வாயெல்லாம் பல்லு. அந்தம்மாவுக்கும் அடுத்த தெருவுக்குப் போகணும், 'சரி, மூடிடுங்க'ன்னு எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

— எதுக்கு இப்ப அதையெல்லாம் கிளறுறீங்க?

— ஏன்னு இதுவரைக்கும் நீ சொல்லல.

— நீங்க இதுவரைக்கும் கேட்கல.

— இப்ப கேட்கிறேன்.

— கீழ்வீட்டு வாலுவோட அம்மா முன்வரிசையில உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. பெத்த பொண்ணைப் பறிகொடுத்தவ. அவ முன்னாடி நின்னு நான் மீனைப் பத்தியும் தும்பியைப் பத்தியும் பேசணுமா?

— அவ்வளவுதானா?

— வேற என்ன இருக்கணும்?

— ஒண்ணுமில்ல… வாளி நிறைஞ்சிடுச்சு. வண்டில வெச்சிட்டு வர்றேன்.

— மூடி போட்டு எடுத்துட்டுப் போங்க. துள்ளி விழுந்துடப் போகுது.

— அக்கா…

— ஐயோ, வாலு அம்மாவா? நீ ஏம்மா இந்த வெயில்ல இறங்கி வந்தே? சாப்பிட்டியா ஏதாவது?

— லாரி வருதுன்னாங்க. மூடுறதைப் பார்க்கணும்னு தோணிச்சு.

— வேண்டாம்மா. வீட்டுக்குப் போ.

— பார்க்கணும்க்கா. என் பொண்ணை எடுத்துக்கிட்ட தண்ணி… மன்னிச்சுக்கோங்க. நீங்க பார்த்துப் பார்த்துப் பண்ணின இடம். வாலு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் பீத்திக்குவா, 'எங்க பெரியம்மா வரைஞ்ச குளம்'னு.

— அழாதே.

— அழலக்கா. அழுகையே வர மாட்டேங்குது. அதான் பயமா இருக்கு. நான் உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்.

— எனக்கா?

— அன்னைக்கு எல்லாரும் ஏதேதோ பேசினாங்க. கொசு மருந்து அடிக்கலாம்னாங்க, வலை போடலாம்னாங்க. நீங்க ஒருத்தர்தான் உங்களோடதையே தூக்கிக் குடுத்தீங்க. கூடப் பிறந்தவ கூட அப்படிச் செய்ய மாட்டா.

— அப்படிச் சொல்லாதே.

— சொல்லாம எப்படி…

— சொல்லாதேன்னா சொல்லாதேம்மா! உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.

— அக்கா…

— கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதே.

— இல்லக்கா. எனக்கு முன்னாடி நீங்கதானே அவளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினீங்க. ஸ்கூல் விட்டதும் நேரா உங்க பால்கனிதான். அங்க தண்ணித் தட்டுல நீங்க வெச்சிருந்த நாத்துப் பக்கத்துல உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவா. 'அங்கதாம்மா குளுகுளுன்னு இருக்கு'ம்பா. உங்ககிட்ட இருக்காளேன்னுதான் நான் நிம்மதியா வேலை பார்த்தேன். ஒண்ணு கேட்கலாமா?

— கேளு.

— அந்த நாத்துல ஒண்ணு எனக்குக் குடுங்களேன். குளத்துக் கரையில நடறதுக்குன்னு வெச்சிருந்தீங்களே… இனிமே கரையே இல்லையே.

— அது… காய்ஞ்சு போச்சும்மா.

— எல்லாமா?

— ஒண்ணு ரெண்டு பச்சையா நிக்கும்.

— ஒண்ணு போதும். அந்தத் தட்டோட குடுங்க. கரைச்செடி எப்பவும் தண்ணில நிக்கணும்னு வாலு எனக்குப் பாடமே எடுத்திருக்கா. தட்டு நிறைய தண்ணி ஊத்தி ஜன்னல்ல வெச்சுக்கிறேன். சின்னவன் தொட்டில் பக்கத்துல. வாலு அக்காவோட செடின்னு அவன் பார்த்துக்கிட்டே வளரட்டும்.

— தட்டு வேண்டாம்.

— ஏங்க்கா?

— வேண்டாம்மா. பானையில மண்ணு போட்டு நட்டுத் தர்றேன்.

— தண்ணில நிக்கலன்னா செத்துடுமே. அதுவும் செத்துடக் கூடாதுக்கா.

— நீ மேல போ. லாரி வந்தா தூசியாப் பறக்கும். சின்னவன் தனியா இருப்பான்.

— மாமியார் வெச்சிருக்காங்க. சரி, சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கிறேன். மறந்துடாதீங்க, தட்டோட.

— போயிட்டாளா?

— இவ்வளவு நேரம் எங்க போனீங்க?

— கார் பக்கத்துல நின்னேன். அவ முகத்தைப் பார்க்கத் தைரியம் வரல.

— உங்களுக்கென்ன?

— எல்லாருக்கும்தான்… செயலாளரைப் பார்த்தேன். நாலாவது மாடிப் பையனுக்கும் காய்ச்சலாம்.

— எப்பலருந்து?

— நேத்துலருந்து. 'குளத்தை மூடிட்டா சரியாயிடும்'னு சொல்லிட்டுப் போறார்.

— யார் வீட்டையும் போய்ப் பார்க்கலையே இதுவரைக்கும்.

— இல்ல… கீழ்வீட்டுப் பொண்ணு என்ன கேட்டா?

— நாத்து கேட்டா.

— குடுத்துடு. பாவம்.

— தட்டோட கேட்டா.

— தட்டா?

— சின்னவன் தொட்டில் பக்கத்துல வெச்சுக்கிறாளாம். தட்டு நிறைய தண்ணி ஊத்தி.

— தட்டு உடைஞ்சு போச்சுன்னு சொல்லிடு.

— உடைஞ்சா போச்சு?

— லாரி வந்துடுச்சு பாரு, வாசல் கேட் கிட்ட. வா, மேல போயிடலாம்.

— உடைஞ்சா போச்சுன்னு கேட்டேன்.

— ஹாரன் அடிக்கிறான்… வழியில நிக்கிறோம்.

— அடிக்கட்டும். பதில் சொல்லுங்க.

— சரி, இந்தக் கல்லுல உட்காரு. என் கையைப் பிடிச்சுக்கோ. உன்கிட்ட சாகுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீ வாலுவோட ஆஸ்பத்திரில இருந்தப்ப, நாத்து வாடுதேன்னு தண்ணி ஊத்தப் போனேன். தட்டுல… நெளிஞ்சுது. அடியெல்லாம் புழு. அவ நோட்டு அங்கயே பக்கத்துல கிடக்கு. எல்லாத்தையும் கொட்டிட்டு, தேய்ச்சுக் கழுவிக் கவுத்து வெச்சேன். கூட்டத்துல நீயே குளத்தை மூடிடலாம்னதும், கடவுளே, இவளுக்குத் தெரியாமலே முடிஞ்சு போகட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். தெரிஞ்சா நீ உயிரோட இருக்க மாட்டேன்னு பயந்துட்டேம்மா…

— வாலுவைத் தூக்கிக்கிட்டு ஓடின அன்னைக்கே நான் அந்தத் தட்டுல புழுவைப் பார்த்துட்டேன். வந்து கொட்டிக்கலாம்னு போனேன். வந்து பார்த்தா கழுவிக் கவுத்து இருக்கு, உங்களுக்கும் தெரியும்னு புரிஞ்சுது. வீடு வீடா வந்து பார்க்கணும்னு சுகாதாரத்துறை அம்மா சொன்னாங்களே… கழுவின தட்டு ஒண்ணும் சொல்லியிருக்காது. உங்க முகம் சொல்லிடும்னுதாங்க நான் குளத்தை மூடச் சொன்னேன்.