இடுக்கியா, நைட்ரஜனா?

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்பே பேசி இந்த மேடையின் பயத்தைப் பாதி போக்கிவிட்ட பெரியோர்களே, பிள்ளைகளின் பரிசைப் பார்க்க வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசைக் குறும்பர்களே!

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியம், ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் ஒட்டிப் பார்த்தது. ஒட்டவில்லை, விழுந்தது. வீட்டுக்காரர் சிரித்தார்: "தினமும் அதே டம்ளர்தானே? இன்னைக்கு மட்டும் மனசு மாறிடுமா?"

மாறும்! மாற்றிக் காட்டியது நம் கல்லூரி! அதே எவர்சில்வரில் ஒரு சிறு துண்டு. அதற்குள் நைட்ரஜன் அயனிகளை, அதாவது மின்னூட்டம் ஏற்றிய அணுக்களை, அசுர வேகத்தில் செலுத்திப் பதித்தோம். மயிரிழைப் பருமனில் சிறு பங்கு ஆழத்துக்கு உலோகம் காந்தமானது! இரும்பைச் சேர்த்தோமா? இல்லை. காந்தத்தைத் தேய்த்தோமா? இல்லை. இரும்பு உள்ளேயேதான் இருந்தது; நெரிசலில் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றது. நைட்ரஜன் நடுவே நுழைந்தது, நெருக்கத்தை விரித்தது. இரும்பணுக்கள் ஒரே திசையில் திரும்பின!

பொறுங்கள், பொறுங்கள்! அன்று நாங்களும் இப்படித்தான் கைதட்டினோம். அந்த அளவீட்டைக் கேள்விப்பட்டுத்தான் ஒரு பெரிய ஆய்வகம் என்னை வேலைக்கு அழைத்தது; நானும் போவதாகத்தான் இருந்தேன். ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. இன்று பரிசு வாங்கும் மாணவி. எங்கள் ஆய்வறையில் அவளுக்குப் பெயரே 'சந்தேகம்'.

"மேடம், துண்டை இரும்பு இடுக்கியாலதானே பிடிச்சோம்? அதுல ஒட்டின தூள்தான் காந்தம் காட்டுதோ என்னவோ?"

"ஏம்மா, என் புது வேலைக்கே வேட்டு வைக்கிறியா?"

"வேட்டெல்லாம் வேணாம் மேடம். பிளாஸ்டிக் இடுக்கி போதும்."

புதுத் துண்டு எடுத்தாள். பாதியைத் தகட்டால் மூடினாள். பாதியைத் திறந்து வைத்தாள். துண்டைப் பிடித்தது பிளாஸ்டிக் இடுக்கி மட்டுமே. அயனிகள் பாய்ந்தன. பொய்யென்றால் அழைப்பும் போகும், பெயரும் போகும். காந்தம் அளக்கும் கருவியின் திரையில் என்ன வந்தது தெரியுமா? மூடிய பாதி மௌனம். திறந்த பாதி காந்தம்! முதல் அளவைவிடக் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சம் இடுக்கியுடையது. மிச்சம் முழுக்க நம்முடையது!

பெரிய இடத்தில் கட்டிடம் கிடைக்கும், கருவி கிடைக்கும். எல்லோரும் கைதட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு இடுக்கியைப் பார்க்கும் பெண் கிடைப்பாளா?

காலையில் டம்ளர் மாறவில்லை; நான் மாறினேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. அதோ, மூன்றாம் வரிசையில் என் வீட்டுக்காரர் இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்கிறார். ஆமாங்க, அந்த வேலைக்கு நான் போகவில்லை!

பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. சந்தேகம், நாளைக்குப் புதுத் துண்டு எடுத்து வைம்மா. வணக்கம்!