ஊசிக்குப் பக்கத்துல ஒரு நீல டேப்பு

ஐயோ அண்ணா, இருங்க இருங்க, அந்த ஒட்டு டேப்புல மட்டும் கை வைக்காதீங்க. இல்ல, எடுக்கவே கூடாதுன்னு சொல்லல. எடுக்கணும்தான். ஆனா பட்டுனு உரிச்சுடாதீங்க, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு எடுங்க. தையல் மெஷின் ரிப்பேருக்குன்னு எத்தனையோ வீட்டுக்குப் போயிருப்பீங்க, இப்படி ஒரு டேப்பைப் பாத்திருக்க மாட்டீங்க. டீ ஆறுது பாருங்க, முதல்ல குடிங்க.

அதுவா? துணி ஓரம் போறதுக்கு வழி. ஊசியிலேருந்து கால் இஞ்சு தள்ளி, நேரா, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி ஒட்டி, சின்ன மதில் மாதிரி எழுப்பியிருக்காங்க பாருங்க. துணி ஓரத்தை அந்த மதில்ல உரசவிட்டு ஓட்டினா போதும், தையல் கோணவே கோணாது. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவங்களுக்கு அதுதான் உசிரு. சதுரம் சதுரமா வெட்டின துணியை ஒண்ணோட ஒண்ணு சேக்கும்போது மூலையும் மூலையும் கூடணும்ல? ஒரு துண்டு லேசா விலகினா அடுத்ததும் விலகும். கடைசியில போர்வை வாயைக் கோணிக்கிட்டு நிக்கும்.

நானா? எனக்கு எதுக்குண்ணா டேப்பு! கல்யாணத்துக்கு முன்னாடி நான் சட்டைக் கம்பெனியில காலர் லைன்ல இருந்தவ. என் கண்ணுதான் ஸ்கேலு. எங்க சூப்பர்வைசர் வேணும்னே என் பீஸை எடுத்து அளந்து பாப்பாரு, ஒரு குறையும் கெடைக்காம அடுத்த மெஷினுக்குப் போயிடுவாரு. பெருமைக்குச் சொல்லல, இருக்கிறதைச் சொல்றேன்.

இதை ஒட்டினது அவங்க. அதோ, செவுத்துல போட்டோவுல இருக்காங்களே. எங்க வீட்டுக்காரரோட மொதல் சம்சாரம். நல்லாத்தான் இருக்காங்க, நான் என்ன இல்லன்னா சொன்னேன். உடம்புக்கு முடியாமப் போயிட்டாங்க, பாவம். பொண்ணுக்குன்னு ஆரம்பிச்ச போர்வை, பாதியில நின்னுபோச்சு. வெட்டி வச்ச துண்டெல்லாம் ஒரு டப்பாவுல அப்படியே கெடந்துச்சு. நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப பொண்ணுக்கு முன்பல்லு விழுந்து ஓட்டையா சிரிப்பா. இப்ப என் தோளுக்கு வளந்துட்டா. மீதிப் போர்வையை அவளே உக்காந்து தைக்கிறா.

என்ன, நான் வரச்சொன்னப்ப சொன்ன அந்த கடகட சத்தம் கேக்கலையா? நல்லா ஓட்டிப் பாருங்க. அது அப்படித்தாண்ணா, ஆளைப் பாத்தா அடங்கிடும். டாக்டர் ரூமு வாசல்ல பல்லுவலி காணாமப் போயிடுமே, அந்த மாதிரி. அந்த ஊசித் தகட்டைக் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்னு நெனைக்கிறேன். ஆமா, தகட்டோட ஸ்குரூ டேப்புக்கு அடியிலதான் மாட்டிக்கிச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும், ஒட்டினவங்களைத்தான் கேக்கணும்.

இந்த வீட்டுல நான் எதை வேணா மாத்தலாம்ணா. திரைச்சீலையை மாத்தினேன், கட்டிலைத் திருப்பிப் போட்டேன், அடுப்படியில ஒரு டப்பாகூட பழைய எடத்துல இல்ல. இவரு ஒரு வார்த்தை பேசல. வாயில்லாத மனுஷன். ஆனா நான் இந்த மெஷின் முன்னாடி மொதல்மொதல்ல உக்காந்த அன்னிக்கு, எங்கிருந்தோ வந்து நின்னாரு. அந்த டேப்பை மட்டும் உன் கையால எடுக்கமாட்டேன்னு சொல்லுன்னாரு. சொன்னேன். புதுசா கட்டிக்கிட்டு வந்தவ வேற என்ன சொல்லுவேன்? அன்னியிலேருந்து என் ஜாக்கெட்டு கை வளைவு ஒவ்வொண்ணும் அந்த மதில்ல முட்டிக்கிட்டுத்தான் தைக்கிறேன். வளைச்சுத் தைக்கிற எடத்துல அது எவ்வளவு எடைஞ்சல்னு உங்களுக்குத் தெரியாதா?

அதுவா பிஞ்சு வந்துடும்னு பாத்தேன். எங்க! ஒரு தடவை மூலை லேசா தூக்கிக்கிச்சு. இவரு ஆபீசுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தவரு, ஷூவைக் கழட்டிட்டு வந்து, கட்டைவிரலால அதை அமுத்தி, அமுத்தி... எவ்வளவு நேரம்ங்கிறீங்க. எனக்கு ஜொரம் வந்தப்ப நெத்தியில அப்படிக் கை வச்சதில்ல. வச்சாரு, இல்லன்னு சொல்லல, வச்சுட்டு ஒடனே எடுத்துட்டாரு.

சிரிங்க, சிரிங்க. ஒரு துண்டு டேப்புமேல பொறாமைப்படுற பொம்பளையை நீங்க எங்க பாத்திருப்பீங்க. ஆமா, பொறாமைதான். வயிறு எரியுது. உசிரோட இருக்கிறவளா இருந்தா நாலு வார்த்தை கேட்டுச் சண்டை போடலாம், அவளும் பதிலுக்கு ஏதாவது கேப்பா, ரெண்டு பேருக்கும் ஆறிப்போகும். இவ போட்டோவுல இருந்துக்கிட்டு சிரிச்ச வாய் மூடாம சிரிக்கிறா. நான் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாலும் அந்தப் பக்கத்திலேருந்து பேச்சே வரமாட்டேங்குது. அவங்கன்னு சொல்லணும்தான். நாக்கு சில சமயம் வழுக்கிடுது.

பொண்ணு நல்ல பொண்ணுண்ணா. அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சாப்பிட்ட தட்டை அவளே கழுவிடுவா, ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்ல. சித்தி சித்தின்னு மரியாதையாத்தான் கூப்பிடுவா. அந்த மரியாதைதான் எனக்கு ஆகல. பக்கத்து வீட்டுல அந்தம்மாவும் பொண்ணும் கத்துற கத்தல் தெரு முழுக்கக் கேக்குது, எனக்கு அதைக் கேட்டாலும் பொறாமையா இருக்கு. இவ என்கிட்ட ஒரு தடவைகூடக் கத்தினதில்ல. ஸ்கூல் விட்டு வந்ததும் மெஷின்ல உக்காந்துடுவா. முகத்தை அந்த டேப்புக்குக் கிட்ட கொண்டுபோய் வச்சுக்கிட்டு, துணியைத் தள்ளிக்கிட்டு, மெதுவா ஏதோ பாடுவா. நான் உள்ள வந்தா பாட்டு நின்னுடும்.

ஒரு தடவை அவளுக்குப் பரிச்சை. பாவம், போர்வை அப்படியே கெடக்குதேன்னு, அவ இல்லாத நேரத்துல நான் ஒரு வரிசை தச்சு வச்சேன். என் கண்ணளவுல, டேப்பை ஏறெடுத்துப் பாக்காம. எப்படித் தெரியுமா இருந்துச்சு! காலர் லைன்ல இருந்தப்பகூட நான் அப்படித் தச்சதில்ல. வந்து பாத்தா. சந்தோஷமாத்தான் பாத்தா. எடுத்துக்கிட்டுப் போய் அவங்கம்மா தச்ச வரிசையோட வச்சா. என் வரிசை வெரல் அகலம் நீட்டிக்கிட்டு நிக்குது.

தப்பு என்மேல இல்லண்ணா! ஸ்கேலை வச்சுப் பாத்துட்டேன். என்னுது சரியா கால் இஞ்சு. அந்த டேப்புதான் மயிரிழை தள்ளி ஒட்டியிருக்கு. அதனால ஒவ்வொரு தையல்லயும் துணி துளி கூடுதலா உள்ள போயிருக்கு, ஒவ்வொரு சதுரமும் துளி சிறுத்துப்போச்சு. ஒண்ணு ரெண்டுல தெரியாது, ஒரு வரிசை சேத்தாத் தெரியும். அவங்க தப்பாவே ஒட்டி, தப்பாவே தச்சு, எல்லாமே ஒரே தப்பா இருக்கிறதால அது ஒண்ணுக்கொண்ணு அழகா சேருது. சரியா தச்ச என்னுதுதான் சேரல. பொண்ணு பிரிக்கிற ஊசியை எடுத்துக்கிட்டு சன்னலோரமா உக்காந்து ஒவ்வொரு தையலா பிரிச்சா. துணி கிழியாம, பதமா. பிரிச்சு முடிச்சுட்டு, உங்கமேல தப்பில்ல சித்தி, அம்மா அளவு வேறன்னா.

நான் அடுப்படிக்குப் போயிட்டேன். வேற எங்க போறது?

சரி, எடுங்கண்ணா. என் கையால எடுக்கமாட்டேன்னுதான வாக்கு குடுத்தேன், உங்க கையால எடுக்கிறதுக்கு என்ன. மெதுவா, அந்த மூலையிலேருந்து. எவ்வளவு பசை பாருங்க! வந்துடுச்சா? குடுங்க, நான் வாங்கிக்கிறேன். கனமே இல்ல.

பென்சில் எதுக்கு? கோடா? டேப்பு இருந்த எடத்துக்கு அடையாளமா? நல்ல மனசுண்ணா உங்களுக்கு, ஆனா வேணாம். வேணாம்னா வேணாம். அந்தப் பசைத் தடத்தையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சுடுங்க. சுத்தமா, துளி தெரியக்கூடாது.

அழுவா. அழாம இருப்பாளா? மெக்கானிக் எடுத்துட்டாருன்னு சொல்லுவேன், உங்களை ரெண்டு திட்டு திட்டுவா, கோச்சுக்காதீங்க. என்கிட்டயும் கத்தினாலும் கத்துவா. கத்தட்டும். அப்புறம் ஸ்கேலை வச்சு அவளே ஒட்டிப் பாப்பா, சேராது. அவங்கம்மா தச்சதைத் திருப்பி வச்சு அளப்பா. அந்த ஓரமெல்லாம் நூலு பிரிஞ்சு பஞ்சாக் கெடக்கு, அளவு நிக்காது. அவங்கப்பாவைக் கேப்பா. அவருக்கு ஊசிக்கு எந்தப் பக்கம் நூல் கோக்கணும்னே தெரியாது. அந்த டேப்பு எங்க இருந்துச்சுன்னு இந்த வீட்டுல ஒருத்திக்குத்தான் தெரியும். தினம் தினம் அதை மொறைச்சுப் பாத்தவளுக்கு. கண்ணை மூடினாக்கூட எனக்கு அது தெரியுதுண்ணா.

அவ வந்து கேக்கணும். சித்தி, அம்மா டேப்பு எங்க இருந்துச்சு, கொஞ்சம் ஒட்டிக் குடுங்கன்னு. கேட்டா அடுத்த நிமிஷம் ஒட்டிடுவேன். அதே எடத்துல, அதே தப்போட, மயிரிழை பிசகாம. அவங்க போர்வை அப்படியே சேரும், ஒரு மூலை விலகாது. டேப்பு மட்டும் நான் ஒட்டினதா இருக்கும்.

சத்தமா? இன்னுமா அதைத் தேடிக்கிட்டு இருக்கீங்க? மெஷின் நல்லாத்தான் ஓடுதுண்ணா, ஒரு சத்தமும் இல்ல. தகட்டை மாட்டிடுங்க, ஸ்கூல் விடுற நேரமாச்சு.