கடைசி எழுத்து

— அந்த ராஜினாமா கடிதத்த மடிச்சுப் பையில வை, லிகாயா. பான்சித் நூடுல்ஸ் ஆறுது. மேனேஜர் ஆனதுக்கு நான் குடுக்கிற விருந்து, நீ தொடாம இருந்தா எப்படி?

— எனக்கு எறங்கலடா, அர்னெல்.

— இதப் பாரு, ஏழு வருஷமா பக்கத்துப் பக்கத்து மேஜை. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இத விட்டுட்டு எங்க போவே? கான்ட்ராக்டர்கிட்டயா? வெயில்ல நின்னு சிமெண்டு மூட்டை எண்ணிட்டுக் கிடப்பே. இங்க பாரு, பாலம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு மாசத்துக்கு ஒண்ணு. வேற எங்கயும் இவ்வளவு கத்துக்க முடியுமா?

— கத்துக்கிட்டோம், இல்லேன்னு சொல்லல. ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கிறதத்தான் மறந்துட்டோம்.

— அது எந்த ஆபீஸ்ல இல்ல?

— இன்ஜினியர்னு பேரு, நாம கோடு போடுறதோட சரி. கட்டடம் எழும்புறதக்கூடப் போய்ப் பாக்க விட மாட்டாங்க. ஆனா விழுந்தா மட்டும் நம்ம பேரத்தான் தேடுவாங்க.

— ஐயோ, சாப்பிடற நேரத்துல விழும் கிழும்னு பேசாதே!

— பதாங்காஸ் பள்ளிக்கூடம். மூணு மாடி. தூணச் சின்னதாக்குன்னு வந்து நின்னாங்க. பூமி ஆடுற ஊரு, முடியவே முடியாதுன்னேன். நீ பக்கத்துலதான் இருந்தே.

— இருந்தேன். மேஜையத் தட்டித் தட்டிக் கத்தினே. முதலாளிக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

— நேத்து முனிசிபல் ஆபீஸ்ல பாக்குறேன், அதே சின்னத் தூணுக்கு அனுமதி ஆகியிருக்கு. கீழே என் கையெழுத்து. பக்கத்துல என் முத்திரை. நான் போடவே இல்லடா! திங்கக்கிழமை கான்கிரீட் ஊத்தப் போறாங்க. முன்னூறு பிள்ளைங்க உக்காரப் போற எடம்.

— இந்தா, முதல்ல தண்ணியக் குடி.

— தண்ணி கெடக்கட்டும். யாரு போட்டிருப்பா, சொல்லு.

— யாரு இப்படிப் பண்ணுவாங்கன்னுதான் நானும் யோசிக்கிறேன். இதப் பாரு, இஸ்கோ அண்ணனா இருக்கும்.

— நம்ம பிளான் வரையற ட்ராஃப்ட்ஸ்மேனா?

— உன் மேஜை டிராயர் சாவி எங்க இருக்கும்னு அவருக்குத் தெரியும். சம்சாரத்துக்கு டயாலிசிஸ் வேற. யாராவது ஆசை காட்டியிருப்பாங்க.

— சத்தியமாச் சொல்றியா? அவரு வேலை போயிடும்டா. ஜெயிலுக்குக்கூடப் போவாரு.

— வேற யாரு இருக்கா? நான் மேனேஜரா பண்ற முதல் வேலையே அவர விசாரிக்கிறதுதான். நீ இன்ஜினியர் லைசென்ஸ் போர்டுக்குப் புகார் கிகார் எழுதாதே. அவ்வளவுதான் நான் கேக்கிறது.

— சரி. கையத் துடைச்சுக்கோ. நம்ம ஆபீஸ் அலமாரியில இருந்த, அதே பிளானோட இன்னொரு செட்டு இது. அந்த முத்திரைய வாசி.

— மை இல்லாத அழுத்து முத்திரைய எவன் வாசிக்கிறான், லிகாயா?

— எவனும் வாசிக்க மாட்டான்னுதான் போட்டவனும் நினைச்சிருக்கான். விரலால தடவு. எழுத்து எழுத்தா என் பேரச் சொல்லு.

— எல், ஐ, ஜி, ஏ, ஒய்...

— அப்புறம்?

— அப்புறம் எதுவும் இல்ல.

— கடைசி 'ஏ' இல்ல. லைசென்ஸ் வாங்கின வருஷம் முத்திரைக் கடைக்காரன் தப்பா வெட்டினது. நீயும் நானும் அந்தக் கடை நடைபாதையிலயே நின்னு வயிறு வலிக்கச் சிரிச்சோம். அங்கேயே புதுசு சொல்லி வாங்கினேன். என் டிராயர்ல இருக்கிறது அந்தப் புதுசு.

— அப்ப... பழசு எங்கயாவது கிடந்திருக்கும்.

— சுத்தியால அடிச்சு நசுக்கிடு, தப்பான கைக்குப் போயிடக் கூடாதுன்னு சொல்லி, அத உன் கையிலதான்டா குடுத்தேன்.