சிங்கு இலை

கேளுங்க மக்கா. இந்த ஊருக்குத் தார் ரோடும் வரல, கரண்டும் வரல, அந்தக் காலம். நம்ம முள்ளிக்கரையில கொம்பையான்னு ஒரு இளவட்டம் இருந்தாராம். உங்க பூட்டனுக்கு அண்ணன் முறை. தகப்பன் சின்ன வயசுலயே போயிட்டாரு. தாயி மாடத்தி பருத்திக் காட்டுல பாடுபட்டு, மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பிப் படிக்க வச்சா.

படிச்சு முடிச்ச வருசம், வெள்ளைக்காரனுக்கும் சப்பான்காரனுக்கும் சண்டை. கொம்பையா பட்டாளத்துல சேர்ந்தாரு. நடந்து போற பட்டாளம் இல்ல, ஏரோப்ளேன் பட்டாளம். பர்மாப் பக்கம் போயி குண்டு போட்டுட்டு வரும் அந்தப் ப்ளேன். அதுல ரெண்டே பேரு. முன்னால ஓட்டுறவரு. பின்னால, வாலப் பாத்து உக்காந்து, துரத்திட்டு வாறவனை மெஷின் கன்னால சுடுறவரு. பின்னால உக்காந்தவருதான் நம்ம கொம்பையா.

ஓட்டுறவரு பஞ்சாப்காரரு. அர்னாம் சிங்குன்னு பேரு, இவருக்கு நாலஞ்சு வயசு மூப்பு. ரெண்டு பேரும் முதுகுக்கு முதுகு காட்டி உக்காந்திருப்பாங்களாம். மேல ஏறிட்டா ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்க முடியாது. காதுல மாட்டுன கருவியில குரல் மட்டுந்தான் வரும். "கொம்பையா, இருக்கியா?"ம்பாராம் சிங்கு. "இருக்கேன் சாப்"ம்பாராம் இவரு. ஏறுனதும் கேப்பாரு, குண்டு போட்டதும் கேப்பாரு.

ஒருநா குண்டு போட்டுட்டுத் திரும்பயில, கீழயிருந்து சுட்டுட்டான். இஞ்சின் திக்கித் திக்கி நின்னுபோச்சு.

"கொம்பையா, குதி. நீ குதிச்சதும் நானும் குதிக்கேன்."

இவரு விரிச்சுக் குதிக்கிற குடையத் தடவிப் பாக்காரு. தோட்டா பாஞ்சு பிஞ்சு கெடக்கு.

"சாப், என் குடை கிழிஞ்சுபோச்சு. நீங்க குதிங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லையாம். சிங்கு குதிச்சுட்டாருன்னே இவரு நெனச்சாரு. போகட்டும், அவராவது பிழைக்கட்டும்னு கண்ண மூடிக்கிட்டாரு. அப்பத்தான் குரல் வந்துச்சு.

"பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கோ. இறக்கிப் பாக்கேன்."

இறக்கினாரு. ப்ளேன் வயல்ல விழுந்து, மண்ண உழுதுகிட்டே போயி ஒரு மேட்டுல முட்டி நின்னுச்சாம். பின்னால இருந்தவருக்கு நெத்தியில ஒரு வெட்டு, அவ்வளவுதான். முன்பக்கம் நசுங்கிப்போச்சு. சிங்கு உயிரோட இல்ல.

எதிரி எந்தப் பக்கம் இருக்கான்னே தெரியாது. தனியா ஓடியிருந்தா யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க. கொம்பையா உடம்பத் தூக்கித் தோள்ல போட்டாரு. ஓடைக்கரை ஓரமா நடந்தாரு. நாணலுக்குள்ள ஒளிஞ்சாரு. மறுபடி நடந்தாரு. மீன் பிடிக்கிற ஒரு கிழவரு, பாஷை தெரியாட்டியும் படகுல ஏத்தி, நம்ம ஆளுக இருந்த கரையில விட்டாராம்.

அங்க வேற சிங்குக இருந்தாங்க. அவங்க முறைப்படி பிரார்த்தனை சொன்னாங்க. கொள்ளி வைக்க யாருன்னு கேட்டப்ப, கொம்பையா போயி நின்னாரு.

"நீ யாரு அவருக்கு?"

"தம்பி"ன்னாராம்.

சண்டை முடிஞ்சு ஊருக்கு வந்த வருசம், ஆடி அமாவாசை. தகப்பனுக்குப் படைக்க மாடத்தி இலை போடுதா. கொம்பையா அதுக்கு முன்னால இன்னொரு இலையக் கொண்டாந்து போட்டாரு. சித்தப்பா சுடலைக்கண்ணுக்குப் பொறுக்கல.

"யாருக்குலே இது?"

"அர்னாம் சிங்குக்கு."

"எந்த ஊர்க்காரனுக்கோ, எந்தச் சாதிக்காரனுக்கோ, எங்க அண்ணனுக்கு முந்தி இலையா? ஊரு சிரிக்கும்லே."

"அவரு அன்னைக்குக் குதிச்சிருந்தா, இன்னைக்கு இந்த இலை எனக்குத்தான் சித்தப்பா."

கொம்பையா தாயைப் பாத்துச் சொன்னாராம்: "குடை கிழிஞ்சத நான் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நீங்க போங்க, நானும் வாரேன்னு சொல்லியிருந்தா போயிருப்பாரு." அதுவரைக்கும் அத யாருகிட்டயும் அவரு சொன்னதில்லையாம்.

மாடத்தி அந்த வெத்து இலையவே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் கேட்டா:

"அந்தப் பிள்ளைக்குச் சாப்பிட என்ன பிடிக்கும்?"

"கோதுமை ரொட்டி."

"அது எப்படிச் சுடணும்?"

அன்னைக்கு ஊருக்குள்ள கோதுமை ஏது? ஒட்டப்பிடாரத்துக்கு ஆள் போயி வாங்கியாந்து, திருகையில அரைச்சு, தோசைக்கல்லுல சுட்டாளாம். கோணலும் கருகலுமா வந்துச்சு. அதையே வச்சா. படையல் முடிய சாயந்தரம் ஆயிட்டு. அதுவரைக்கும் வீட்டுல ஒருத்தரும், சித்தப்பா உட்பட, பச்சத் தண்ணி குடிக்கல.

மறுவருசம் பங்காளி வீடுகள்லயும் அந்த இலை விழுந்துச்சு. பிறகு ஊரு முழுக்க. அதான் மக்கா, நம்ம ஊர்ல ஆடி அமாவாசைக்கு மொத இலைக்குச் சிங்கு இலைன்னு பேரு. அதுல சோறு வைக்கமாட்டோம், கோதுமை ரொட்டிதான். அத வச்ச பிறகுதான் நம்ம அப்பன் பாட்டனுக்கு.